இல்லை என்று சொல்லாத பொத்தான்

நான் எழுதிய நிரல் ஓடும்போது என் கால் ஓரிடத்தில் நிற்காது. அது ஓடி முடிக்கும்வரை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வருவேன். பக்கத்து வீட்டு அம்மா நான் ஏதோ வேண்டுதல் வைத்திருப்பதாக நினைத்து, எந்தச் சாமிக்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டார். சர்வருக்கு என்றேன். அது எந்த ஊரில் இருக்கிறது என்றார். எனக்கும் தெரியாது.

செஞ்சியில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவன் நான். கம்பெனி என்றால் ஆறேழு பேர், ஆறேழு தேசம், திரையில் கழுத்துக்கு மேலே மட்டும் தெரிவார்கள். ஆராய்ச்சி செய்பவர்களுக்கான ஒரு மென்பொருள் எங்களுடையது. ஆய்வேட்டின் கடைசியில் ஒரு நீண்ட பட்டியல் வரும்: எந்தக் கட்டுரை, யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த இதழ், எத்தனையாவது பக்கம். அந்த விவரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்ட ஒழுங்கில் அடுக்கித் தரும். சொந்தக்காரர்களிடம் இதை விளக்கி நான் ஜெயித்ததே இல்லை. பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் லிஸ்ட் மாதிரி என்று சொல்லி முடித்துக்கொள்வேன். யாருக்குக் கல்யாணம் என்பார்கள்.

அந்த லிஸ்டில் ஒரு குறை. கட்டுரையின் விலாசம் இருக்கும், கட்டுரை இருக்காது. தலைப்பின் மேல் அழுத்தினால் முழுக் கட்டுரையும் வந்து இறங்க வேண்டும், அப்படி ஒரு பொத்தான் வேண்டும் என்று பயன்படுத்துகிறவர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாரக் கூட்டத்தில் இதை யார் எடுத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. விவரமானவர்கள் மைக்கை அணைத்தார்கள். என் மைக் திறந்திருந்தது. ஆகிவிடும் என்று சொல்லிவிட்டேன்.

இது பரம்பரை வியாதி. என் நைனா பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் எப்போது வரும் என்று கேட்ட ஒருவரிடமாவது அவர் தெரியாது என்று சொன்னதாக வரலாறு இல்லை. ‘இப்ப வரும்.’ சேத்துப்பட்டு ரோட்டில் டயர் கழற்றிப் போட்டு நிற்கிற பஸ்ஸும் இப்ப வரும். கேட்டவர்களை வெறும் கையோடு அனுப்பக்கூடாது என்பது அவர் கட்சி.

இந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் ஆய்வேடு திரும்பி வந்தது.

அவள் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கௌரவ விரிவுரையாளர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அதன் மூட்டையில் விழும் வண்டைப் பற்றி ஏழு வருட ஆராய்ச்சி. எங்கள் வீட்டுப் பரணில், துணி கட்டிய பாட்டில்களில், அந்த வண்டுகள் என்னைவிட வசதியாகக் குடும்பம் நடத்தின. ஆய்வேட்டைப் படித்த வெளியூர்த் தேர்வாளர் அதை ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. ஒரு பத்தி எழுதியிருந்தார். மேற்கோள் காட்டிய கட்டுரைகள் பலவற்றை ஆய்வாளர் முழுதாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. பட்டியலில் உள்ள அத்தனையின் முழு வடிவத்தையும் நெறியாளரிடம் காட்டி, அவர் கையெழுத்தோடு திருப்பி அனுப்புக.

பட்டியலில் நூற்று நாற்பத்தெட்டு இருந்தன. அவள் கையில் முழுதாக இருந்தவை அறுபது சொச்சம். மற்றதற்கெல்லாம் சுருக்கம்தான் படித்திருந்தாள், அதாவது கட்டுரையின் வாசலில் இலவசமாக ஒட்டி வைத்திருக்கும் அந்த ஒரு பத்தி. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். சொன்ன பிறகு அந்தப் பேச்சு அவளுக்கே பிடிக்காமல், எழுந்து போய் ஏற்கனவே கழுவிய டம்ளரைக் கழுவினாள். பதிவுக் காலம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இரண்டு முறை நீட்டித்தாயிற்று, மூன்றாவது கிடையாது. கையெழுத்து வராவிட்டால் ஏழு வருடமும் வண்டு தின்ற மல்லாட்டைதான்.

ஒரு வாரம் கொடு, பொத்தான் வந்துவிடும், ஒரே அழுத்து என்றேன்.

“நெஜமா வருமா?”

“இப்ப வரும்.”

சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று எனக்கு உறைத்தது.

முழுக் கட்டுரையைத் தேடுவது ஊரில் ஆள் தேடுவது மாதிரிதான். முதலில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கும் களஞ்சியங்களைக் கேட்க வேண்டும். அங்கே இல்லையா, பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருக்கும் இதழ்களின் வாசல். அதுவும் இல்லையா, எழுதியவரின் சொந்தப் பக்கம். புதிய கட்டுரைகளுக்கு ஓர் அடையாள எண் உண்டு, எண்ணைச் சொன்னால் நேராகக் கொண்டுபோய் விடுவார்கள். பழையவற்றுக்கு எண் கிடையாது, தலைப்பைச் சொல்லித்தான் விசாரிக்க வேண்டும். தலைப்பை என் மனைவி ஒரு விதமாகக் குறித்திருப்பாள், இதழ்க்காரர்கள் இன்னொரு விதமாக வைத்திருப்பார்கள்.

முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது பாதிக்கு மேல் சாம்பல் வட்டம். சாம்பல் என்றால் கிடைக்கவில்லை. திரை முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தது. அவள் அறை வாசலில் நின்று, எப்படிப் போகிறது என்று கேட்காமல் கேட்டுவிட்டுப் போனாள். என்னால் உட்கார முடியவில்லை. தொட்டியைச் சுற்றினேன். பஜார் வரை நடந்து டீ குடித்தேன், திரும்பி வரும் வழியிலேயே இன்னொன்று குடித்தேன். வெயிலில் செஞ்சிக் கோட்டை மலை அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. அதற்கு என்ன, அதன் மனைவி ஆராய்ச்சி செய்கிறாளா.

வந்து உட்கார்ந்து, தலைப்பில் பத்துச் சொல்லுக்கு ஏழு பொருந்தினால் போதும் என்று தளர்த்தினேன். சாம்பல் குறைந்தது. ஐந்து என்றேன், இன்னும் குறைந்தது. அதற்கும் மசியாதவற்றுக்கு, எது ஏறக்குறைய கிட்டே வருகிறதோ அதைக் கொண்டுவா என்றேன். கோப்பு வந்து இறங்கியதா, பச்சை டிக் போடு. உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பையைத் திறந்தா பார்ப்போம்?

ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி பொத்தானை அழுத்தினாள். நைனாவும் கையில் பேப்பரோடு பின்னால் வந்து நின்றார். பச்சை, பச்சை, பச்சை. நூற்று நாற்பத்தெட்டும் பச்சை, சொர்ணவாரிப் பட்டத்து நெல் வயல் மாதிரி. பாஸா என்று நைனா கேட்டார். பாஸ் என்றேன். அவள் என் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனாள். ஆய்வேடு திரும்பி வந்த நாளிலிருந்து எனக்கு அந்த மரியாதை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

அவள் திறந்து பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தாள். மேலேயிருந்த ஐந்தாறைத் திறந்தாள், எல்லாம் சரியாக இருந்தன. மேலே இருந்தவை எல்லாம் எண் உள்ள புதிய கட்டுரைகள். மூட்டையின் வாயில் நல்ல மல்லாட்டைதான் இருக்கும், கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்பது இங்கே மார்க்கெட் கமிட்டி பக்கம் ஒருமுறை போனவருக்கும் தெரியும். மூட்டையிலேயே ஏழு வருடம் வாழ்ந்தவளுக்கு அது தோன்றாமல் போனதற்கு ஒரே காரணம், அவள் என்னை நம்பியது.

திங்கட்கிழமை பென் டிரைவோடு விழுப்புரம் பஸ் ஏறினாள். பத்து மணிக்கு நெறியாளர் மேடத்தைப் பார்க்க வேண்டும். பத்தரைக்கு ஆரம்பித்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா, நைனாவின் போனிலிருந்து எனக்கு அடித்தால் மணி அடிக்கிறதா. அடித்தது. எடுத்து ஹலோ என்றேன். கூடத்திலிருந்து நைனாவும் ஹலோ என்றார். பன்னிரண்டு மணிக்குத் தொட்டியைச் சுற்றப் போனேன், கால் சுட்டது, திரும்பி வந்தேன். அவள் கூப்பிடவே இல்லை. இரண்டு மணிக்கு அவளே வந்து செருப்பைக் கழற்றினாள். ஒன்று வாசலிலும் ஒன்று சன்னலடியிலும் விழுந்தன.

நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னாள். மேடம் கெட்டிக்காரர், பட்டியலைக் கீழேயிருந்து திறந்திருக்கிறார். சேமிப்பில் வண்டுத் தாக்குதல் என்ற கட்டுரை இருக்க வேண்டிய இடத்தில், சத்துணவில் கடலை மிட்டாயின் பங்கு. அதற்கு மேலே, கிடங்குகளுக்குத் தீ விபத்துக் காப்பீடு. அதற்கும் மேலே, கட்டுரையே இல்லை. ஒரே ஒரு பக்கம், அதில் ‘உள்ளே வரப் பெயரையும் கடவுச்சொல்லையும் தரவும்’. அடுத்ததும் அதே பக்கம். அடுத்ததும். சந்தா இல்லாதவனை நிறுத்தி வைக்கும் வாசலைக் கட்டுரை என்று நினைத்து என் பொத்தான் முப்பது தடவைக்கு மேல் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக் போட்டிருக்கிறது. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாராம்.

“ஏம்மா, வீட்டக் காட்டுன்னா வாசல் கேட்டக் காட்டிட்டுப் போறியே?”

இந்த வரியைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. அடுத்த வாரம் புதன்கிழமை கடைசி, அதற்குமேல் நானே நினைத்தாலும் முடியாது என்று மேடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் வழக்கம்போல, இதோ இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஏங்க, இல்லன்னு சொல்ல ஒங்களுக்கு வாயே வராதா?”

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கார் வந்து நின்றது. பட்டுப் புடவைகளும் சீர்வரிசைத் தட்டுகளும் அடைத்த கார். கேட்டருகே நின்ற நைனாவிடம், புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் பேரைச் சொல்லி வழி கேட்டார்கள். நைனாவுக்கு அந்த மண்டபம் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. நேராகப் போய் இடது பக்கம், பெரிய வேப்பமரம் தாண்டினதும் என்று நைனா கை நீட்டினார். கால் மணி நேரத்தில் அதே கார் திரும்பி வந்தது. இப்போது உள்ளே இருந்தவர்கள் முகத்தில் சந்தனம் பூசியிருந்தது. வேறு யாரோ வீட்டு வளைகாப்பில் இறங்கி, ஒரு தட்டையும் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். நைனா கொஞ்சமும் அசரவில்லை. “அது இல்லன்னா அப்ப இந்தப் பக்கம்தான்,” என்று எதிர்த்திசையில் கை நீட்டினார்.

என் மனைவி சன்னலில் நின்று இதை முழுக்கப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ரெண்டும் ஒரே மூட்ட,” என்றாள். கோபத்தில் இருந்தவளுக்கு அப்படியே சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு மாடிக்குப் போகவில்லை.

திருத்த வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இறங்கிய கோப்பைத் திற. முதல் பக்கத்தைப் படி. தலைப்பு அதுதானா, எழுதியவர் அவர்தானா, ஆண்டு ஒத்துப்போகிறதா, பக்கம் குறைகிறதா பார். இல்லையென்றால் தூக்கிப் போடு, அடுத்த வாசலுக்குப் போ. எல்லா வாசலும் முடிந்தால் இல்லை என்று சொல். இதில் கடைசி வரிதான் என்னைப் படுத்தியது. சாம்பல் வட்டத்தின் பக்கத்தில் வரவேண்டிய வாசகத்தை, ‘சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலவும்’ என்று எழுதினேன். அவள் பின்னால் வந்து நின்று, கழித்து முயன்றால் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்காது. அழித்தேன். ‘இன்னும் கிடைக்கவில்லை’ என்று எழுதினேன். இன்னும் என்பதை அவளே குனிந்து அழித்தாள். ‘கிடைக்கவில்லை’ என்று மட்டும் மிஞ்சியது. துணியில்லாமல் நடுத்தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

மறுபடி அழுத்தினாள். தொண்ணூற்றேழு பச்சை. ஐம்பத்தொன்று சாம்பல்.

பழைய பொத்தானைக் கம்பெனியில் ஏற்கனவே சோதனைக்கு விட்டிருந்தோம். இந்தப் புதிய வடிவத்தை விட்டபோது, பயன்படுத்துகிறவர் ஒருவர் காட்டமாக எழுதினார்: போன வாரப் பொத்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் தந்தது, இது பாதியைக் காணோம் என்கிறது, தயவுசெய்து பழையதைத் திருப்பித் தரவும். அவர் எந்த ஊர்க்காரரோ, எங்கள் நைனாவுக்கு நல்ல சிநேகிதராக இருந்திருப்பார்.

வீட்டில் நடந்தது வேறு. வந்து சேர்ந்த கட்டுரைகளை அவள் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். கல்லூரி முடிந்து வந்ததும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க, குக்கர் விசிலைக்கூட எண்ணாமல். இரண்டு முறை சாதம் குழைந்தது, ஒருமுறை கருகியது. நைனா மூன்றையும் நன்றாக இருக்கிறது என்றார். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. சுருக்கத்தில் ஆமாம் என்று சொன்ன கட்டுரை, உள்ளே போனால் ஆமாம், ஆனால் என்று பத்துப் பக்கம் பேசியது. அவள் நான்காம் அத்தியாயத்தில் அடித்துச் சொன்ன ஒரு விஷயத்தை, அவள் சாட்சிக்கு இழுத்த ஆளே பாதிதான் ஒப்புக்கொண்டிருந்தார். அதைப் படித்த மதியம் பரண் ஏறி வண்டு பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். ஆறுதலாக நான் வாயைத் திறக்குமுன் மேலேயிருந்து, “ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றாள். மறுநாள் அந்தப் பத்தியைத் திருத்தி எழுதினாள்.

கிடைக்காத ஐம்பத்தொன்றில், இல்லாமலும் வாழலாம் என்று தோன்றியவற்றை அடித்தாள். மற்றவற்றுக்கு, எழுதியவர்களையே கேட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பொத்தானுக்குக் கீழே இன்னொரு சின்னப் பொத்தான் வைத்தேன். கட்டுரையை எழுதியவருக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லி நாலு வரிக் கடிதம் எழுதிக் கொடுக்கும். கம்பெனிக்கு அது பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார்கள். நான் அந்த வேலையில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான், அதுவும் என் யோசனை இல்லை. சிலர் மறுநாளே அனுப்பினார்கள். ஒருவர் தன்னிடமே பிரதி இல்லை, கிடைத்தால் எனக்கும் ஒன்று அனுப்பம்மா என்று எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை ஒன்பது கட்டுரைகள் எங்கும் அகப்படாமல் நின்றன. அந்த ஒன்பதையும் விடவும் முடியாது, அவள் வாதமே அவற்றின் மேல்தான் நின்றது. முழுதாகப் பார்க்கவில்லை, இன்னார் எடுத்துக் காட்டியபடி என்று ஒன்பது இடத்திலும் வெளிப்படையாக எழுதிவைத்தாள். அதை எழுதினால் மேடம் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டேன்.

“தெரியாது,” என்றாள். அவளுக்கு மட்டும் எப்படி வருகிறதோ.

புதன்கிழமை என்னையும் அழைத்துப் போனாள். துணைக்கு இல்லை, குற்றவாளியைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று. பஸ்ஸில் சன்னலோர சீட்டு அவளுக்கு. நான் நடுவில் உட்கார்ந்து காலை ஆட்டியதில், பக்கத்திலிருந்த பெரியவர் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டார்.

மேடத்தின் அறையில் மின்விசிறிக்கு அடியில் ஒரு நாற்காலிதான் இருந்தது, அதில் மேடம் இருந்தார். பென் டிரைவை நீட்டியபோது வேண்டாம் என்று தலையசைத்து, நாங்கள் கொண்டுபோயிருந்த மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தானே பட்டியலை உருட்டினார். இந்த முறை கீழேயிருந்தும் இல்லை மேலேயிருந்தும் இல்லை, கண்ணை எடுக்காமல் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி அழுத்தினார். வந்தது. சரியானதுதான். இன்னொன்று. வந்தது. மூன்றாவதாக ஒன்றை அழுத்தினார். பொத்தான் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும், அது ஒன்பதில் ஒன்று. பக்கத்துச் சுவரில் தொங்கிய தவளையின் உள்ளுறுப்புப் படத்தை நான் உற்றுப் பார்த்தேன்.

சாம்பல் வட்டம். கிடைக்கவில்லை.

மேடம் நிமிர்ந்தார். “இத எப்படிம்மா படிச்ச?”

எனக்கு வாய் தானாகத் திறந்தது. நெட் கொஞ்சம் ஸ்லோவாக இருக்கிறது மேடம், இப்ப வந்துடும் என்ற வாக்கியம் முழுதாக நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது. அதற்குள் என் பாதத்தின் மேல் அவள் செருப்பு ஏறியது. ஏறி, இறங்காமல் அங்கேயே நின்றது.

“படிக்கல மேடம்,” என்றாள். “எங்கயும் கெடைக்கல. பாக்கலன்னு அந்தப் பக்கத்துலயே எழுதியிருக்கேன். இது மாரி ஒம்போது இருக்குது.”

மேடம் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தார். அதற்கு முன் பக்கத்தையும் படித்தார். நான்காம் அத்தியாயத்துக்குப் போய், திருத்திய பத்தியில் நின்று, அதையும் படித்தார். விசிறி சுற்றியது. நான் நிற்கும் இடத்திலேயே நின்றேன், வேறு வழியில்லை, கால் அவள் வசத்தில் இருந்தது. போன வாரம் இருந்ததைவிட ஆய்வேடு மெலிந்திருக்கிறது என்றார் மேடம். ஆமாம் என்றாள். தேர்வாளர் இந்த ஒன்பதைப் பற்றி வாய்மொழித் தேர்வில் கேட்பார் என்றார். கேட்கட்டும் மேடம் என்றாள். மேடம் பேனாவைத் தேடினார். மேசைமேல் இருந்த இரண்டு பேனாவும் எழுதவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கொடுத்தேன். அந்த மாதம் நான் அவளுக்கு நேரத்தில் கொண்டுவந்து சேர்த்த சரக்கு அது ஒன்றுதான்.

கையெழுத்துப் போட்ட தாளை உறையில் போட்டு, உறையைப் பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பாதம் வீங்கியிருந்தது, இருந்தாலும் நடந்தேன். இரண்டு பைகளோடு வந்த ஒரு அம்மா என்னிடம் செஞ்சி பஸ் எப்போது வரும் என்று கேட்டார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலைங்கம்மா,” என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டார். அவர் பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இப்ப வரும் என்றார். மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. சீட்டுப் பிடிக்க ஓடினேன். பின்னால் என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.